என் அளவுக் கொப்பியின் பின்பக்கம்: எங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி அவர்களுக்கும், அவருக்கு மேலே இருந்து முடிவெடுப்பவர்களுக்கும்,

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கிளினிக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. சிங்களம் தெரியாதவர்கள் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது சிங்களத்தில். வரிசையில் நின்ற பெண்களுக்கு அதை வாசித்துச் சொன்னது நான்தான்.

கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று நீங்கள் எழுதிய அந்த ‘ஒருவர்’ எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். வட கொழும்பில் ஒரு தோட்டத்தில், அதாவது வீடுகள் நெருக்கமாக உள்ள ஒரு குடியிருப்பில், இருந்து பிளவுஸ் தைக்கிறவள். இருபது வயதில் காமன்ட் என்கிற உடுப்புத் தொழிற்சாலை ஒன்றுக்கு மெஷின் மிதிக்கப் போய், அங்கே சிங்களம் படித்தேன். கொலர், கை, டார்கெட், ஓவர் டைம், சம்பளத் துண்டு எல்லாவற்றுக்கும் சிங்களம் தெரியும். கர்ப்பப்பை என்ற சொல்லுக்கு காமன்டில் வேலை வரவில்லை. அதை உங்கள் கிளினிக்கில் வைத்துத்தான் படித்தேன், அடுத்தவளுடைய கர்ப்பப்பையைப் பற்றிப் பேசும்போது.

இரண்டு வருடத்துக்கு முன்வரை உங்களிடம் தமிழ் தெரிந்த ஒரு மிட்வைஃப் மிஸ்ஸி இருந்தார். ஓய்வு பெற்றுப் போனார். வேறொருவர் வருவார், வருவார் என்றார்கள். அதுவரைக்கும் என்று பெண்கள் என் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். “அக்கா, நாளைக்கு என்னோட கொஞ்சம் கிளினிக் வர ஏலுமா?” சரி, ஆள் வரும்வரைதானே என்று நானும் போனேன். வாடிக்கையாளரின் அளவு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில், போன நாளுக்கெல்லாம் ஒரு கோடு போட்டு வைத்தேன், வேலை கெட்ட நாளைக் கணக்குப் பார்ப்பதற்காக. இன்று எண்ணினேன். 41 கோடு.

இதுவரை அது ஒரு குறையாக இருந்தது. குறை என்றால் ஒரு நாள் தீரும். நீங்கள் கடதாசி ஒட்டியதோடு அது விதியாகிவிட்டது. அதனால்தான் இதை வெளியில் எழுதுகிறேன்.

கிளினிக்கின் பெயரை எழுதவில்லை. யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லை. எது என்று உங்களுக்குத் தெரியும். கீழே சொல்லப்போகும் பெண்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியும் இருக்கிறேன்.

அந்தக் கொப்பியின் முன்பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பெண்களின் மார்பளவும் இடுப்பளவும் இருக்கின்றன. அது என் தொழில், அவர்களாகவே வந்து தருவது. ஆனால் யாருக்கு வெள்ளை படுகிறது, யார் புருஷனுக்குத் தெரியாமல் ஊசி போடுகிறாள், யாருக்கு எந்த இரத்தப் பரிசோதனை, யார் எத்தனை தரம் கருவைக் கலைத்தாள் என்பதெல்லாம் எனக்கு எதற்கு? தெரிந்தபிறகு மறக்கவும் ஏலாது. தண்ணீர்க் குழாயடியில் அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் போகிறார்கள். இரண்டு பேர் பிளவுஸ் தைக்க இப்போது வேறு இடத்துக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

என் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு தங்கச்சி, கல்யாணம் முடித்து மூன்று வருடம், பிள்ளையில்லை. அடிவயிற்றில் நோவு, கொஞ்சம் காய்ச்சல். டொக்டர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். சலம் எரிகிறதா, எத்தனை நாளாக என்று கேட்டுக்கொண்டு வந்து, புருஷனைத் தவிர வேறு தொடர்பு உண்டா, புருஷனுக்கு வெளியில் தொடர்பு உண்டா என்றும் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், இப்போது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த அறையில் ஒரு அரைத் திரைதான் இருக்கிறது. திரைக்குக் கீழே வரிசையில் நிற்பவர்களின் செருப்பு தெரியும். அதில் ஒரு சோடி, அந்தப் பிள்ளையின் மாமியாருக்குத் தங்கச்சி முறையான ஒருவருடையது. நான் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கவே இல்லை. டொக்டரைப் பார்த்து “நே”, இல்லை, என்று நானே சொல்லிவிட்டேன்.

சலத்தில் கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். நோவு குறைந்தது, திரும்பி வந்தது. இரண்டு மாதம் கழித்து, தைத்த சட்டையை எடுக்க வந்தவள் என் வாசலில் உட்கார்ந்து, புருஷன் வேலைக்குப் போகிற இடத்தில் நடக்கும் கதையைச் சொன்னாள். பிறகு பார்த்தபோது அது கொனோரியா என்ற பாலியல் நோய். ஆணுக்கு அது வந்தால் பெரும்பாலும் எரிச்சலும் சீழுமாகக் காட்டிக் கொடுத்துவிடும். பெண்ணுக்குப் பல நேரம் ஒன்றும் தெரியாது, தெரிந்தாலும் வேறெதுவோ போல இருக்கும். கவனிக்காமல் விட்டால் மேலே ஏறி சூலகக் குழாயைக் கெடுத்து, பிள்ளைப்பேற்றையே இல்லாமல் ஆக்கலாம். இருவருக்கும் ஒன்றாக வைத்தியம் பார்க்காவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் திரும்ப வரும். அந்த இரண்டு மாதம் என்னால் போனது. அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “நீங்க கேட்டிருந்தாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன் அக்கா” என்றாள். அவள் அப்படிச் சொல்லியிருப்பாள்தான், கேட்டது நான் என்பதால். எங்கள் தோட்டத்தோடு சம்பந்தமில்லாத, சொன்னதை வெளியே விடக்கூடாது என்ற கடமையுள்ள ஒரு மிஸ்ஸி தமிழில் கேட்டிருந்தால்?

நான் போகாத நாட்களில் பிள்ளைகள் போகிறார்கள். இதை உங்கள் ஊழியர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொழும்பில் எத்தனையோ தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சிங்கள மொழியில் படிக்கிறார்கள், வீட்டில் நல்ல சிங்களம் அவர்களுடையதுதான். ஒரு தாய் தன் பன்னிரண்டு வயது மகளைப் பள்ளிக்கு விடாமல் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ‘சமாஜ ரோக’ பரிசோதனைக்குப் போகச் சொன்னார்கள். சிங்களத்தில் பாலியல் நோயை மரியாதையாகச் சொல்கிற சொல் அது. பிள்ளைக்கு ‘சமாஜ’ என்றால் பள்ளிப் பாடத்தில் வருகிற சமூகம். “அம்மா, சமூக நோயாம்” என்றாள். தாய்க்கு கொரோனா காலத்துச் சமூகப் பரவல்தான் ஞாபகம் வந்திருக்கிறது. முகக்கவசம் வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, அந்த மிஸ்ஸி அப்பாவைப் பற்றி ஏன் அப்படிக் கேட்டா என்று கேட்டாள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்த நாடு செய்த வேலை பெரியது. முதல் கிளினிக்கிலேயே இரத்தம் எடுத்து சிபிலிஸ் என்ற பாலியல் நோயையும் எச்.ஐ.வி.யையும் பார்க்கிறீர்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் கடத்தப்படுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. பத்திரிகையில் பார்த்து எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தச் சான்றிதழ் எங்கள் தோட்டத்தில் எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன்.

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி சட்டையைத் தளர்த்தித் தைக்க என்னிடம் வந்தாள். கர்ப்பிணி அட்டையை வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைக் கீழே வைத்தபோது உள்ளேயிருந்து ஒரு துண்டு விழுந்தது. சிங்களத்தில் மூன்று வரி, நடுவில் வீ.டி.ஆர்.எல். என்று நான்கு ஆங்கில எழுத்து, சிபிலிசுக்கான இரத்தப் பரிசோதனையின் பெயர். மூன்று கிழமை பழையது. பாலியல் நோய் கிளினிக்குக்கு உடனே போகச் சொல்லி எழுதியிருந்தது. அன்றைக்கே இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்ததால், இரத்தம் குறைவு, அதற்கான துண்டு என்று நினைத்து வைத்திருக்கிறாள். மிஸ்ஸி வீடு தேடியும் வந்திருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். வந்து, நின்று, சிங்களத்தில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். இவள் தலையாட்டியிருக்கிறாள். தலையாட்டினால் விளங்கிவிட்டது என்றுதானே அவரும் நினைப்பார்?

அடுத்த நாள் நானே அவளைக் கூட்டிக்கொண்டு மருதானையில் இறங்கி, டி சேரம் பிளேசில் இருக்கிற தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு வேலைத்திட்டத்தின் கிளினிக்குக்கு நடந்தேன். சிபிலிசுக்கு வைத்தியம் பென்சிலின் ஊசி. எத்தனையோ வருடமாக இருக்கிற மருந்து. அங்கே பணம் கட்டத் தேவையில்லை. நேரத்துக்குப் போட்டால் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் தப்பும், விட்டால் செத்துப் பிறக்கவும் கூடும். புருஷனும் வந்து போட்டுக்கொண்டான். பிள்ளை இப்போது தவழ்கிறான், என் ஊசிப் பெட்டியைக் கண்டால் விடமாட்டான். அன்றைக்கு அந்தத் துண்டு கீழே விழாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இப்போதும் எனக்கு வரும்.

கருத்தடை விஷயம் இன்னும் நீளம், ஒன்றைத்தான் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போடும் டெப்போ ஊசி போட்டால் சிலருக்கு மாதவிடாய் குறையும், சிலருக்கு நின்றே போகும், அதனால் கெடுதி இல்லை. இந்த ஒரு வசனத்தைத் தமிழில் யாரும் சொல்லாததால், எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி கெட்ட இரத்தம் உள்ளே சேர்கிறது, தலைக்கு ஏறப்போகிறது என்று பயந்து ஊசியை நிறுத்தினாள். கிளினிக்குக்கு வந்து சொல்லவில்லை, எந்த மொழியில் சொல்வது? அடுத்த வருடம் நான்காவது பிள்ளை. ஊசி ஒத்து வராவிட்டால் குளிசை இருக்கிறது, கர்ப்பப்பையில் வைக்கிற லூப் இருக்கிறது, கையில் வைக்கிற குச்சி இருக்கிறது, எல்லாம் இலவசம் என்று அவளுக்குத் தெரிந்தது பிள்ளை பிறந்த பிறகு. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் இந்த நாட்டில் கருவைக் கலைக்கலாம். கருத்தடையில் ஒரு பிழை விட்டால் எங்களுக்குச் சட்டப்படி வேறு வழியே இல்லை. கள்ள வழியில் போய் வந்தவர்களின் கதையும் கொப்பியின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதை நான் எழுத மாட்டேன்.

உங்கள் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தையும் பார்த்தேன். ‘கர்ப்பத்தடை’ என்று இருக்க வேண்டியது ‘கற்பத்தடை’ என்று அச்சாகியிருக்கிறது. கற்புக்குத் தடையோ என்று வரிசையில் ஒரு கிழவி கேட்டு, எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, வாசிக்காமல் விசிறியாக வைத்துக்கொண்டோம்.

கல்யாணம் முடிக்காத பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் எங்கள் ஆட்களே என்னை ஏசுவார்கள். பரவாயில்லை. புறக்கோட்டையில் கடையில் நிற்கிற ஒரு பிள்ளை ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்தாள். வெள்ளிக்கிழமை இரவு நடந்தது. அவசரக் கருத்தடைக் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. உங்கள் கிளினிக் செவ்வாய் காலை, அதுவும் போயா விடுமுறை வந்தால் அடுத்த கிழமை. நான் வேறு ஒரு பக்கத்துப் பாமசிக்குப் போய் வாங்கிக் கொடுத்தேன், எங்கள் பாமசிக்காரனுக்கு என்னையும் தெரியும், அவளையும் தெரியும். கதைத்துப் பார்த்தால் அவள் அதை மாதா மாதம் போட்டு வந்திருக்கிறாள், ஒழுங்கான கருத்தடை என்று நினைத்து. அது அவசரத்துக்கு மட்டும் என்பதும், எந்தக் குளிசையும் நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான் என்பதும் அவளுக்குப் புதுக் கதை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். நான் யார் இதைச் சொல்ல?

ஆணுறை உங்கள் கிளினிக்கில் இருக்கிறது. மிஸ்ஸியின் மேசைக்குள் இருக்கிறது. ஒருபக்கம் தொங்கு தராசில் குழந்தை நிறுக்கிறார்கள், மறுபக்கம் திரிபோஷ சத்துமா கொடுக்கிறார்கள், நடுவில் போய் ஒரு இளந்தாரி அதைக் கேட்பானா? எங்கள் பொடியன்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களில் ஒருவனுக்குப் பெண்களில் நாட்டமில்லை என்று எனக்குத் தெரியும். சட்டப் புத்தகத்தில் 365அ என்று ஒரு பிரிவு அப்படிப்பட்டவர்களைக் குற்றவாளி என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா என்று அவனுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கடதாசி ஒட்டியிருக்கிறீர்கள். அவன் யாரைக் கூட்டிக்கொண்டு வருவான்?

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார், தாதிமார் நாட்டைவிட்டுப் போனார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். இருக்கிற மிஸ்ஸி இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்கிறார். “நோகுதா”, “பயப்படாதீங்க” என்று இரண்டு சொல் தமிழில் பழகிக்கொண்டு, ஊசி போடும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்வார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் கொழும்பு மாநகரத்துக்குள் தமிழ் பேசுகிறவர்கள் ஏதோ எப்போதாவது வந்துபோகிற ஆட்கள் இல்லை. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ், ஆமர் வீதி, வெள்ளவத்தை என்று எத்தனை பகுதி! இலங்கையர் ஒருவருக்கு முதன்முதலில் எச்.ஐ.வி. தொற்று பதிவானது 1987 இல். அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதும் அதே 1987 இல்தான். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் இருக்கிறது. இதற்குள் ஒரு கிளினிக்குக்கு ஒரு தமிழ் மிஸ்ஸியைத் தேடியிருக்க முடியாதா?

இப்போது கேட்பதைக் கேட்கிறேன்.

அந்தக் கடதாசியை அடுத்த செவ்வாய்க்கு முன்பு கழற்றுங்கள். தமிழ் தெரிந்த ஒரு மிட்வைஃபை நிரந்தரமாகத் தரும்வரை, வேறு பகுதியில் இருந்தாவது கிழமையில் ஒரு குறித்த நாள் வரவையுங்கள், அந்த நாளைத் தமிழில் எழுதிக் கதவில் போடுங்கள். மற்ற நாட்களில் தமிழ் தெரிந்த ஒரு சுகாதார ஊழியரிடம் தொலைபேசியில் கதைத்துக்கொள்ள ஒழுங்கு செய்யுங்கள், ஸ்பீக்கரில் போடாமல். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வைத்து எந்த நோயாளியிடமும் கேள்வி கேட்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு கொடுங்கள். அரைத் திரையை முழுத் திரையாக்குங்கள். துணிதான் பிரச்சினை என்றால் அளவைச் சொல்லுங்கள், நானே தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

இரத்தப் பரிசோதனைத் துண்டும், மேலதிக வைத்தியத்துக்கு அனுப்பும் துண்டும், ஊசி அட்டையும் இரு மொழியில் அச்சாக வேண்டும், அச்சுக்குப் போகமுன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது கிளினிக்கைத் திறந்துவையுங்கள், கடையில் நிற்கிற பிள்ளைகளும் ஆண்களும் வரக்கூடிய மாதிரி. ஆணுறைப் பெட்டியை மேசைக்குள்ளிருந்து எடுத்து, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரு இடத்தில் வையுங்கள். கழிவறைக்குப் போகிற வழி நல்ல இடம்.

இந்த மடலின் பிரதியைப் பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். தமிழ் தெரிந்த ஊழியர் வெற்றிடம் எப்போதிலிருந்து இருக்கிறது, அதை நிரப்ப யாருக்கு, எந்தத் திகதியில் எழுதினீர்கள் என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பமும் அதோடு இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பதிலைத் தமிழில் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த செவ்வாய்க்கும் இரண்டு பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களோடு வருவேன். ஆனால் வெளியே வாங்கில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
பிளவுஸ் தைக்கிறவள்,
வட கொழும்பு